இரண்டு பந்தும் ஒரு ஜோடி வலையும்

அத்தை எங்கள் வீட்டுக்கு மீன் குழம்பு கொண்டுவந்தால், தூக்குச்சட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அதைத் திட்டிவிடுவார். "என்னமோ கொதிக்க வச்சேன். புளி கூடிப்போச்சு. வேணாம்னா பூனைக்கு ஊத்துங்க." நாங்கள் அடிவரை வழித்துத் தின்றுவிட்டுச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, நல்லா இருந்துச்சு அத்த என்று சொன்னால் அவர் முகம் மாறிவிடும். வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். "சுமாருதான் தம்பி. சும்மா கெட" என்பார்.

அந்தமானில் எங்கள் லாங் ஐலண்டில் அவர் எல்லோருக்கும் அத்தை. தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டுமல்ல, பெங்காலிகளும் தெலுங்குக்காரர்களும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதுதான் அவர் பெயர் என்று நினைத்தவர்களும் உண்டு. இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சிறு பிள்ளையாகக் கப்பலேறி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஒரு டுங்கிக்காரரைக் கட்டிக்கொண்டு இந்தத் தீவில் கரையேறியவர். டுங்கி என்பது எங்கள் பக்கத்துச் சின்னப் படகு. அத்தைக்கு நாற்றுப்பண்ணையில் வேலை. நாள் முழுக்கக் கறுப்புப் பைகளில் மண் நிரப்புவார். என் அம்மாவும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் செய்தாள்.

அவரைப் பற்றி இப்படி உட்கார்ந்து நல்லதாக நாலு வரி எழுதுவது, அவர் இருந்தவரை நடக்காத காரியம். பேனாவைப் பிடுங்கி எறிந்திருப்பார்.

உலகத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரு மார்க்குதான் இருந்தது. பௌர்ணமிக் கடல் சுமார். படகுத்துறையில் கட்டிய புது ஜெட்டி சுமார். பக்கத்து வீட்டுக்கு வந்த புதுப்பெண்ணைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "பல்லு கொஞ்சம் தூக்கல், சுமாருதான்" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டார் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது விடிய விடியக் கூட இருந்தது அத்தைதான். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து, "எலிக்குஞ்சு மாதிரி இருக்கு" என்று தகப்பன் கையில் கொடுத்தார்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவர் வாய் திறந்து நல்ல வார்த்தை வரும். இல்லாமல் போனவற்றுக்கு. அவர் வீட்டுப் பின்புறம் ஒரு பலா நின்றது. நிற்கும்வரை அது தண்டப் பலா. ஒரு புயல் மழையில் அது வேரோடு சாய்ந்த மறுநாள், ஈரத் தடிமேல் கையை வைத்துக்கொண்டு, "இந்தத் தீவுல இப்புடி ஒரு பழம் எங்கயும் கெடயாது" என்றார். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை "அந்தாளு எதுக்கும் ஒதவாது." அவர் போய்ச் சேர்ந்த பிறகு, "அவரு மாதிரி டுங்கி ஓட்ட இந்தக் கடல்ல ஆளே இல்ல. இருட்டுல தண்ணிய மோந்து பாத்தே வழி சொல்லுவாரு." எங்கள் ஃபுட்பால் கிளப்பின் செக்ரட்டரி, ஒரு பெங்காலி, நாங்கள் தாதா என்று கூப்பிடுகிறவர், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அத்தை வாயால் சபாஷ் வாங்க வேண்டுமென்றால் முதலில் செத்தாக வேண்டும் என்பார்.

எங்கள் மைதானம் அத்தை வீட்டு வாசலில்தான் முடியும். வடக்குக் கோலுக்குப் பின்னால் அவருடைய மூங்கில் வேலி. கோலுக்கு வலை கிடையாது. அடித்த கோல் எல்லாம் நேராகப் போய் அவருடைய கத்தரிச் செடியில் விழும். இப்போது அந்த மைதானத்தை நினைத்தால் எப்போதும் ஈரமாகவே நினைவுக்கு வருகிறது. மழை அப்போதுதான் விட்டிருக்கும். கடலிலிருந்து ஒரு மூட்டம் மெல்ல ஏறிவந்து மத்தியக் கோட்டில் நிற்கும். எங்கள் தீவுகளில் நாலரை ஐந்துக்கே பொழுது சாய்ந்துவிடும். அந்த மங்கலில் பந்து தெரியாது, பந்தின் சத்தம் மட்டும் கேட்கும். நான் சத்தத்தை வைத்தே ஓடுவேன். ஓடுகிறேனா, யாரோ கனவில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று சந்தேகமாக இருக்கும். வேலியோரம் கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கிரேட்டில் அத்தை வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருப்பார். ஒரு ஆட்டம் விட்டதில்லை.

அந்த டீமின் ஸ்டார் நான்தான். சிரிக்க வேண்டாம். இடது பக்க ஃபார்வர்ட். பக்கத்துத் தீவு ரங்கத் டீமோடு நடந்த ஃபைனலில் மூன்று கோலும் நான் அடித்தேன். ஊரே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜெட்டி வரை போனது. வழியில் அத்தையைப் பார்த்து மேலேயிருந்தபடியே கேட்டேன், "எப்புடி அத்த?"

"காலு ரெண்டு இருக்கு, ஓடுற. சுமாருதான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தபோது அத்தை ஆளில்லாத மைதானத்தில் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். மண். நாற்றுப் பைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவரை மண்ணும் கையுமாகப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை.

அந்த வெற்றிக்குப் பிறகுதான் கடிதம் வந்தது. போர்ட் பிளேரில் ஷாதிபூர் பக்கம் ஒரு கிளப். அதை நடத்துகிறவர் ஒரு தமிழ்க் காண்ட்ராக்டர். என்னைக் கேட்டிருந்தார். அவர் கிளப்புக்கு ஆடுகிறவர்களுக்குத் தன்னுடைய கட்டட வேலைகளில் மாதச் சம்பளத்துக்கு இடம் கொடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அப்பா இல்லை, அம்மாவுக்கு மண் நிரப்பி நிரப்பி விரல் மடங்காமல் போயிருந்தது. எங்கள் தீவில் எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. எங்கள் கிளப் முத்திரை வைத்து, இவனை விடுவிக்கிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், நான் போய்விடலாம். முத்திரை தாதாவின் கால்சட்டைப் பையில் இருந்தது.

அங்கேதான் சிக்கல் வந்தது. ரங்கத்துக்குப் போய்வந்த ஒருவர், நல்ல சிக்னல் கிடைத்த இடத்தில் போனில் ஒரு செய்தியை இறக்கிக்கொண்டு வந்திருந்தார். வெளிநாட்டுக் கிளப் ஒன்று தன் ஸ்டாரை விட்டுக்கொடுக்க வாங்கிய தொகை. டிரான்ஸ்ஃபர் ஃபீஸ். அதன் சைபர்களை விரல் வைத்து எண்ணினார்கள். அதுவரை எங்கள் தீவுகளில் ஒரு ஆட்டக்காரன் கிளப் மாறினால் கைகுலுக்கி ஒரு டீ குடிப்பார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊருக்கு வேறு பேச்சே இல்லாமல் போனது.

சாயங்காலமானால் மைதானத்து ஓரப் பாதாம் மரத்தடியில் கூடிவிடுவார்கள். ஒரு லட்சம் என்று தாதா ஆரம்பித்தார். ஐஸ் பெட்டி வைத்து மீன் வாங்கி அனுப்புகிற தெலுங்குக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏக் லாக் மே க்யா ஹோகா? தோ லாக் போலோ" என்று இரண்டு லட்சத்தில் நின்றார். வயதான ஒருவர் இதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தார். ரோட்டுக்காகத் தென்னையை வெட்டினால் சர்க்கார் எப்படி நஷ்டஈடு கொடுக்கிறது? இன்னும் எத்தனை வருஷம் காய்க்கும் என்று பார்த்துத்தானே? "இவென் இன்னும் பத்து வருஷம் காய்ப்பான். வருஷத்துக்கு இருவது கோலு. கணக்குப் போடுங்க."

கணக்குப் போட்டார்கள். பணம் போதாதென்று இரும்புக் கோல்போஸ்ட் ஒரு ஜோடி சேர்ந்தது. பிறகு டுங்கிக்கு ஒரு எஞ்சின் சேர்ந்தது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் விலை ஏறுவதை, மூட்டத்துக்குள் பந்தின் சத்தம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள்தான் யோசித்தேன். இவ்வளவு கொடுத்து என்னை யார் வாங்குவார்கள்? தாதாவிடம் தனியாகப் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் என் தோளில் கைபோட்டார். அவர் கண்ணில் தண்ணீர். "தும் ஹமாரா ஹீரா ஹை. சஸ்தா மே நஹி தேகா." நீ எங்கள் வைரம், மலிவாகத் தர மாட்டோம். தோளிலிருந்த கையை மெல்ல விலக்கிவிட்டு வந்துவிட்டேன்.

வேலியோரத்திலிருந்து அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானப் படகில் காண்ட்ராக்டர் வந்து இறங்கினார். மறுநாள் விடிகாலைப் படகில் திரும்ப வேண்டும். சனிக்கிழமைக்குள் லீக்குக்குப் பேர் கொடுக்க வேண்டும், நான் இல்லையென்றால் திக்லிபூரில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறார். இதை வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். பாதாம் மரத்தடியில் நாற்காலி போட்டு இளநீர் கொடுத்தார்கள். தாதா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பட்டியலைப் படித்தார். இரண்டு லட்சம், கோல்போஸ்ட், எஞ்சின்.

காண்ட்ராக்டர் முதலில் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் இளநீரைக் கீழே வைத்தார். "பாய், நா கிளப்பு நடத்துறேன், கப்பல் கம்பெனி இல்ல" என்றபடி எழுந்துவிட்டார்.

இன்னும் அந்த நிமிஷம் கனவில் வரும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள், யார் முகமும் தெரியாது, அவருடைய செருப்பு மட்டும் ஜெட்டிப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

அப்போதுதான் அத்தை வேலியைத் திறந்துகொண்டு வந்தார். கையெல்லாம் மண்.

"இவனுக்கா ரெண்டு லட்சம்? என்னா பேசுறீங்க எல்லாரும்? எடது காலு மட்டுந்தான் இவனுக்கு. வலது காலு சும்மா கூட வருது. தலையில பந்து பட்டா கண்ண மூடிக்குவான். சோறு மட்டும் மூணு ஆளு சோறு." காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "ரெண்டு பந்து குடுங்க. இந்தக் கோலுக்கும் அந்தக் கோலுக்கும் வலை குடுங்க, என் கத்தரிச் செடியாவது பொழைக்கும். கூட்டிட்டுப் போங்க. இவென் சுமாருதான்."

தெலுங்குக்காரர் பல்லைக் கடித்தார். தாதா, "அத்தை, சுப் ரஹோ" என்றார் கெஞ்சுகிற குரலில். அத்தை சும்மா இருக்கவில்லை. தாதாவுக்கும் புரியும்படி, தன்னுடைய ஓட்டை ஹிந்தியில் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். "லட்கா சுமார் ஹை, பஸ்." பையன் சுமார், அவ்வளவுதான். தலையில் பந்து படும்போது நான் கண்ணை மூடுவதை நடித்துக்கூடக் காட்டினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் இன்னொருவர் சிரித்தார். அதோடு என் விலை போயிற்று.

காண்ட்ராக்டர் திரும்பிவந்து உட்கார்ந்தார். இரண்டு பந்து, ஒரு ஜோடி வலை. தாதா முத்திரையை ஊதி ஊதிக் கடிதத்தில் குத்தினார்.

நான் அத்தையிடம் சொல்லிக்கொள்ளாமலே போனேன். விடிகாலைப் படகில் நிற்கும்போது, ஜெட்டியில் அடுக்கியிருந்த ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் அவர் புடவை தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊருக்கு முன்னால் என்னை மாட்டுச் சந்தையில்போலப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டார் என்ற ஆத்திரம். போர்ட் பிளேரில் ஒவ்வொரு கோல் அடிக்கும்போதும் அவரைத்தான் நினைத்துக்கொண்டு அடித்தேன். வலது காலால் அடித்த கோல்களை அம்மாவிடம் போனில் தனியாகச் சொல்வேன். அத்தை காதில் விழட்டும் என்றுதான். இரண்டு வருஷம் இப்படியே போனது. ஊருக்குப் போனாலும் மைதானத்துப் பக்கம் போகமாட்டேன்.

ஒருநாள் சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது காண்ட்ராக்டர் அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேச்செடுத்தார். "ஒங்க ஊர் அத்தை செம ஆளு" என்றார். நான் உர்ரென்று இருந்தேன்.

"படகு விட்டு எறங்குறேன், ஒரு அம்மா வந்து பையை வாங்குறாங்க. நடக்கும்போதே கேக்குறாங்க, கிளப்புக்குன்னு என்ன தர்றதா வந்திருக்கீங்கன்னு. ஒண்ணும் தர்றதா வரல, வேணும்னா பந்து ரெண்டு வாங்கித் தரலாம்னேன். வலை? சரி, வலையும் தர்றேன், அதுக்கு மேல ஆகாதுன்னேன். பேசாம பையைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் வந்து அதே ரெண்டு பந்து, அதே வலை. பந்துக்குக் காத்தடிக்க ஒரு பம்பு சேத்துக் கேட்டிருந்தாக்கூட நா கெளம்பியிருப்பேன்."

அன்று எத்தனை மூட்டை எண்ணினேன் என்பது மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "நீ கேக்கல, நா சொல்லல" என்றாள். ஃபைனல் அன்று மைதானத்தில் அத்தை எடுத்த அந்த மண்ணும் நாற்றுப் பைக்கு இல்லையாம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என் காலடி பட்ட மண்ணை ஒரு சிட்டிகை எடுத்துப்போய், உப்பும் மிளகாயும் சேர்த்து அடுப்பில் போட்டிருக்கிறார். கண்ணேறு கழிய. கப்பலில் வந்தபோது அத்தைக்கு ஒரு தம்பி இருந்தானாம், கைக்குழந்தை. கூட வந்த யாரோ ஒரு பெண், தங்க விக்கிரகமாட்டம் இருக்கான் என்று கன்னத்தைக் கிள்ளினாளாம். கரை சேருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். கடலில்தான் விட்டார்களாம். "அதுக்கப்புறம் அந்த வாயில நல்ல வார்த்தையே வரல" என்றாள் அம்மா.

கண் பட்டு யாரும் சாவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று வேலிப் பக்கம் போனேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒடம்பு போட்டுட்ட. இனிமே எங்க ஓடப்போற? சுமாருதான்" என்றார். மண்ணைப் பற்றியோ வலையைப் பற்றியோ நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சீசன் முடிந்ததும் போய் அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்புவேன். அது இருந்தால் அடுத்த வருஷம் கால் ஓடும் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை.

ஆறாவது வருஷம் முட்டி போயிற்று. அடித்தவன் மேல் தப்பில்லை, ஈர மைதானம். மெயின்லேண்ட் வரை போய்க் காட்டினேன். நடக்கலாம், ஆடக்கூடாது என்றார்கள். காண்ட்ராக்டர் நல்லவர், ஸ்டோர் வேலையை விடாமல் வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆகியிருந்தது, இரண்டு வயதில் ஒரு மகள். முட்டியைப் பற்றி ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல்முறையாக மகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மழை விட்ட சாயங்காலம். ஜெட்டியிலிருந்து மைதானம் வரை நொண்டாமல் நடக்கப் பார்த்தேன். வடக்குக் கோலில் அந்த வலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த இடங்களை மீன்வலை நூலால் முடிந்திருந்தார்கள். அதற்குப் பின்னால், அதே கிரேட்டில் அத்தை. மிகவும் சுருங்கியிருந்தார். நான் வந்த வழி முழுக்க என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது.

"வாங்க தம்பி" என்றார். என்னை வாங்க என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பக்கத்தில் ஈரப் புல்லில் உட்கார்ந்தேன். முட்டி சரியாக மடங்கவில்லை. அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு மைதானத்தைப் பார்த்தார். மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பையன்கள் யாரோ ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒன்ன மாதிரி இந்த மண்ணுல ஒருத்தன் ஆடினதில்ல தம்பி" என்றார். "இனிமேலும் வரப்போறதில்ல. அந்த எடது காலு, அது சாமி குடுத்த காலு."

சாய்ந்த பலாவின் தடிமேல் கையை வைத்துக்கொண்டு சொன்ன அதே குரல். டாக்டர்கள் சொன்னபோதுகூட நான் நம்பவில்லை.

"அத்த, சுமாருன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் என் முட்டியைப் பார்த்தார்.

"ஒரு வாட்டி சொல்லுங்க அத்த."

கை நீட்டி என் முட்டிமேல் வைத்தார். மண் கை, சில்லென்று இருந்தது. "ரங்கத்காரன் மேல அடிச்சியே, மூணாவது கோலு. அத மாதிரி நா பாத்ததே இல்ல" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் கையை எடுக்கவில்லை.

அதற்குள் என் மகள் வலைக்குள் புகுந்துகொண்டு, ஈர மண்ணில் தத்தித் தத்திக் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். அத்தை அப்போதுதான் அவளைப் பார்த்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு, ஒம் புள்ளயா? மூக்கு சப்பையா இருக்கு. காலு வேற கோணல்" என்றார். "சுமாருதான்."

கிரேட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். வலைக்குள் குனிந்து, அவள் காலடி பதிந்த இடத்திலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.